கல் எங்கே?

முதலில் இந்த மூன்று வரிகளைப் படித்துவிடுங்கள், பிள்ளைகளே.

ஆறு வளையங்கள்
ஒன்றையொன்று தொடுகின்றன—
கல் எங்கே?

எழுதியது நான்தான். சிறு வயதில் மலேசியாவின் ஜோகூரில், சிகாமட் ஆற்றங்கரையில் தவளைக்கல் எறிந்த நினைவிலிருந்து வந்தது. தட்டையான கல்லை எடுத்து, உடம்பைச் சாய்த்து, தண்ணீரை ஒட்டினாற்போல் வீசினால் அது மூழ்காமல் தவளை போலத் தத்தித் தத்திப் போகுமே, அந்த விளையாட்டு. உங்களில் பலரும் எறிந்திருப்பீர்கள். எறியாதவர்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். கேட்டதும் கையை வீசிக் காட்டுவார்கள்.

மூன்றடியில் எழுதும் இந்தக் கவிதைக்கு ஹைக்கூ என்று பெயர். ஜப்பானில் பிறந்தது. அங்கே 5, 7, 5 என்று மொத்தம் 17 ஒலிகளுக்குள் எழுதுவார்கள். நம் மொழிக்கு அந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது என்பதால், தமிழில் மூன்று வரியும் சிக்கனமான சொல்லும் இருந்தால் போதும் என்று எழுதுகிறார்கள். ஜப்பானியக் கவிதையைப் பற்றி மகாகவி பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரனில் எழுதியிருக்கிறார்.

அறிவியல் பக்கத்தில் கவிதைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஹைக்கூவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அழகு, அற்புதம், ஆனந்தம் என்றெல்லாம் அதில் அடுக்கக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குறிப்பேடு எழுதுகிறவர்களுக்கும் இதே கண்டிப்புதான். அதனால் நல்ல ஹைக்கூவுக்குள் பெரும்பாலும் ஓர் அறிவியல் கேள்வி உட்கார்ந்திருக்கும். என் மூன்று வரியில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. கல் எங்கே?

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், கல் ஏன் தத்தியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கல் தண்ணீரைவிடக் கனமான பொருள். சும்மா போட்டால் மூழ்கிவிடும். அதே கல்லை வேகமாக வீசினால் தண்ணீர் அதைத் திருப்பி மேலே அனுப்புகிறது. ஏன்?

ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை விரித்து மெதுவாக நீருக்குள் இறக்குங்கள். கை வழுக்கிக்கொண்டு போய்விடும். இப்போது அதே கையால் நீர்ப்பரப்பைப் பளீரென்று அடியுங்கள். வலிக்கும்! மெதுவாக இறங்கும்போது விலகிப் போக நீருக்கு நேரம் கிடைக்கிறது. வேகமாக அடிக்கும்போது கிடைப்பதில்லை. கை நீரைக் கீழே தள்ளுகிறது, நீர் கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் அதன் தள்ளல் அவ்வளவு உறைப்பாக இருக்கிறது.

தவளைக்கல்லுக்கும் நடப்பது இதுவே. கல்லின் அடிப்பக்கம் நீரைக் கீழும் முன்னுமாகத் தள்ள, நீர் கல்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கல் முழுவதும் நீருக்குள் போவதற்குள் அந்த விசை கல்லின் எடையை மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் கல் எழும்பும். மிஞ்சாவிட்டால் 'குளுக்' என்ற சத்தம்தான் மிச்சம். கல் நீரைத் தொட்டு எழும்ப ஆகும் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நொடியை நூறாகப் பங்கிட்டால் அதில் சில பங்குகள்தான். அதற்குள் அத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது.

இதை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானிக்குக் கேள்வியை எடுத்துக் கொடுத்ததே ஒரு சிறுவன்தான். பிரான்சு நாட்டு இயற்பியலாளர் லிடெரிக் போக்கே தம் மகனோடு தவளைக்கல் எறிந்துகொண்டிருந்தபோது, கல் ஏன் இப்படித் தத்துகிறது என்று மகன் கேட்டான். சும்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவரோ உட்கார்ந்து கணக்குப் போட்டார். 2003இல் அதை ஓர் இயற்பியல் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். அவர் கணக்குக்கு எடுத்துக்கொண்ட சாதனை 38 தத்தல். அப்படித் தத்த வைக்கக் கல்லை நொடிக்கு ஏறக்குறைய 12 மீட்டர் வேகத்தில், நொடிக்கு ஏறக்குறைய 14 சுற்று சுழலும்படி எறிய வேண்டும் என்பது அவர் கணக்கு. 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். ஊருக்குள் மோட்டார் சைக்கிள் போகும் வேகம்.

கணக்கு சரியா என்று பார்க்க வேண்டாமா? மனிதர் கையால் எறிந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் போகும். அதனால் கிறிஸ்தோஃப் கிளானே, ஃபாபியன் எர்சன் என்ற இருவரும் போக்கேயும் சேர்ந்து, கல்லை எறிவதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார்கள். கல்லுக்குப் பதிலாக அலுமினிய வட்டத் தகடுகள். வேகம், சுழற்சி, சாய்வு மூன்றையும் விருப்பம்போல மாற்றி மாற்றி நீர்த்தொட்டியில் எறிந்து, அதிவேகக் கேமராவால் படம் பிடித்தார்கள். 2004இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. தகடு நீர்ப்பரப்போடு 20 பாகை சாய்ந்திருக்கும்போது தத்தல் மிக நன்றாக அமைகிறது. அந்தச் சாய்வில்தான் தகடு நீரைத் தொட்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. குறைவாகத் தொட்டால் இழப்பதும் குறைவு. படுத்தபடியே போனால் முன்விளிம்பு நீரில் குத்திக்கொள்கிறது. அதிகமாக நிமிர்ந்து போனால் நீர் அதை வழிமறித்து நிறுத்திவிடுகிறது.

20 பாகை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 30 செ.மீ. அடிக்கோலை மேசையில் வைத்து, ஒரு முனையை மேசையிலேயே விட்டுவிட்டு மறுமுனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். அந்தச் சாய்வுதான். கல்லின் முன்விளிம்பு அந்த அளவுக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். இதைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டு எறிகிற பிள்ளைக்கும், தோன்றியபடி எறிகிற பிள்ளைக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடிக்கோலை வைத்து நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடம் பார்த்த உண்மை இது.

சரி, கையில் 20 பாகை வைத்துப் பிடித்துவிட்டோம். கையை விட்டுப் போன பிறகு, கல் அதே சாய்வில் இருக்கும் என்று யார் பொறுப்பு? அடுத்த ஹைக்கூ அதைப் பற்றியது.

சுட்டுவிரல் நுனியில்
இன்னும் ஈர மண்—
கல் நடு ஆற்றில்

கல் கையை விட்டுப் போகும்போது கடைசியாகத் தொட்டிருப்பது சுட்டுவிரல் நுனி. அந்த விரல்தான் விளிம்பை வருடிச் சுழற்றிவிடுகிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. காசிங் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். நம் ஜோகூரிலும் கிளந்தானிலும் பெரியவர்கள் ஆடும் அந்தக் கனமான பம்பரம், வேகமாகச் சுழலும்வரை ஒற்றை முனையில் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்ததும் தலையாட்டத் தொடங்கிச் சாயும். தவளைக்கல் படுத்தபடி பறக்கும் காசிங். நீர் ஒவ்வொரு முறையும் கல்லின் பின்விளிம்பில் இடித்து அதைக் குப்புறத் தள்ளப் பார்க்கிறது. சுழற்சி அதற்கு இடம் கொடுக்காமல் சாய்வைக் காப்பாற்றுகிறது. சுழற்சியில்லாமல் எறிந்தால், எவ்வளவு பலசாலி எறிந்தாலும் முதல் இடியிலேயே கல் புரண்டு மூழ்கிவிடும்.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் கல் என்றென்றும் தத்திக்கொண்டிருக்காது. ஒவ்வொரு தொடுதலிலும் வேகத்தில் கொஞ்சத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத்தான் எழும்புகிறது. அந்தக் கொஞ்சம்தான் வளையமாகவும் தெறிப்பாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வேகம் குறையக் குறையத் தாவும் தூரமும் குறையும். முதல் வளையத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். கடைசி வளையங்கள் நெருக்கிக்கொண்டு, எண்ண முடியாதபடி 'படபட'வென்று விழும். 2013இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கர்ட் ஸ்டைனர் என்பவர் ஒரே எறியில் 88 தத்தல் காட்டினார். உலகச் சாதனை. அதை வெறும் கண்ணால் எண்ண முடியுமா? படம் பிடித்து, ஒவ்வொரு சட்டமாக ஓட்டிப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கும். அண்ணனையோ அக்காவையோ படம் பிடிக்கச் சொல்லி, நீங்கள் எறியுங்கள்.

இப்போது முதல் ஹைக்கூவுக்குத் திரும்புவோம். ஆறு வளையங்கள் இருக்கின்றன. கல் எங்கே?

எல்லாவற்றிலும் பெரிய வளையம் எது? முதலில் பிறந்தது. அதற்குத்தான் விரிய அதிக நேரம் கிடைத்திருக்கிறது. சின்ன வளையம் கடைசியில் பிறந்தது. ஆகவே பெரியதிலிருந்து சின்னதை நோக்கிப் பார்த்தால் கல் போன திசை தெரிந்துவிடும். ஒவ்வொரு வளையத்தின் நடுப்புள்ளியும் கல் தொட்ட இடம். கடைசி வளையத்தின் நடுப்புள்ளிக்குச் சற்று முன்னால் கல் மூழ்கியிருக்கும். குட்டையில் எறிந்தால் பதில் இவ்வளவுதான்.

ஆற்றில் அப்படி இல்லை. சிகாமட் ஆறு ஊருக்குள் புகுந்து ஓடிப்போய் மூவார் ஆற்றோடு சேர்கிறது. மூவார் ஆறு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. நீர் போகும்போது வளையமும் சேர்ந்து போகும். வட்டம் வட்டமாகவே இருக்கும், மொத்தமாக நகரும். ஆற்று நீர் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால், நான்கு நொடியில் வளையத்தின் நடுப்புள்ளி 2 மீட்டர் கீழே போயிருக்கும். ஆகவே கல் வளையத்தின் நடுவில் இல்லை. ஆறு வரும் பக்கமாகத் தள்ளித் தேட வேண்டும். சிறு வயதில் எனக்குப் பிடித்த கல்லை இப்படி எறிந்துவிட்டு, நீர் வற்றிய நாளில் வளையத்தின் நடுவிலேயே தேடித் தேடிக் கை ஓய்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கு அப்போது தெரியாது.

வளையம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதும் சுவையான சங்கதி. சின்னஞ்சிறு அலைகளை நீரின் பரப்பு இழுவிசை இழுத்து ஓட வைக்கிறது. பெரிய அலைகளைப் புவியீர்ப்பு ஓட வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஒன்றே முக்கால் செ.மீ. நீளமுள்ள அலை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மெதுவாகப் போவது. அதன் வேகம் நொடிக்கு 23 செ.மீ. சுத்தமான ஆழ நீரில் எந்த அலை முகடும் அதைவிட மெதுவாக நகராது! இதை வைத்து ஆற்றின் வேகத்தையே சோதிக்கலாம். நீரில் நட்டிருக்கும் மெல்லிய கம்பைக் கவனியுங்கள். ஆற்று நீர் நொடிக்கு 23 செ.மீ.க்குக் குறைவாக ஓடினால் கம்பைச் சுற்றி நிலையான அலை எதுவும் தெரியாது. அதைவிட வேகமாக ஓடினால், கம்பின் முன்னால் மெல்லிய வரிவரியான அலைகள் நிலைத்து நிற்கும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு குச்சி போதும்.

வளையத்தைப் பார்த்து நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் இந்த வேலையைச் சிகாமட்டுக்காகப் பெரிய விஞ்ஞானிகளே செய்தார்கள், தெரியுமா? 2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. ஜோகூரின் பல இடங்களிலும் தெற்குப் பகாங்கிலும் மக்கள் அதை உணர்ந்தார்கள். தீபகற்ப மலேசியாவில் அப்படி நடப்பது அபூர்வம். நிலத்துக்கடியில் ஓர் இடத்தில் பாறை நழுவியது. அங்கிருந்து அதிர்வு எல்லாப் பக்கமும் அலையாகப் பரவியது. பாறைக்குள் அந்த அலை நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை அது வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். எந்தக் கருவிக்கு எப்போது வந்தது என்ற கணக்கிலிருந்து பின்னோக்கிப் போனால், அதிர்வு பிறந்த இடம் கிடைத்துவிடும். அவர்கள் கையிலும் வளையங்கள்தான் இருந்தன. கேள்வியும் 'எங்கே?' என்பதுதான்.

நிலம் என்றதும் கல்லைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தவளைக்கல் எறிகிறவனுக்கு முதல் கவலை, நல்ல கல் கிடைக்குமா என்பது. சிகாமட் வட்டாரத்தில் கதை கொண்ட இரண்டு வகைக் கற்கள் இருக்கின்றன. ஒன்று, களிப்பாறை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், டிரையாசிக் காலத்தில், இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்தபோது அடியில் படிந்த சேறு இறுகிப் பாறையானது. பக்கத்து ஊரான கெமாஸின் பெயரைச் சேர்த்துப் புவியியலாளர்கள் அதைக் கெமாஸ் படிவு என்கிறார்கள். அது அடுக்கடுக்காகப் பிளக்கும். பிளந்த துண்டு தட்டையாக இருக்கும். எறிவதற்குக் கேட்கவே வேண்டாம். மற்றொன்று பசால்ட். எரிமலைக் குழம்பு குளிர்ந்து ஆன கறுத்த பாறை. வயது ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் ஆண்டு. டைனோசார்கள் அழிந்து ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகள் ஆன பிறகு வந்தது. இது அடுக்காகப் பிளக்காது. உருண்டையாகவோ கோணல்மாணலாகவோதான் கிடைக்கும். இத்தகைய எரிமலைப் பாறைகள் மட்கிய சிவந்த களிமண்ணுக்கு மண்ணியல் நூல்களில் 'சிகாமட் மண்' என்றே பெயர். டுரியானும் ரப்பரும் செம்பனையும் செழிக்கும் மண் அது.

தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு ஆற்றோரம் தட்டைக் கல் கிடைக்காத நாள்களில் வேறு வழி இருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்கு உடைந்து கிடக்கும். அந்த ஓட்டாஞ்சில்லைப் பொறுக்கி எறிவோம். இலேசாகக் குழிந்த சில்லு. அதன் புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி எறிந்தால் நன்றாகத் தத்தும் என்று அண்ணன் அடித்துச் சொல்வார். (நீங்கள் உடைந்த ஓட்டையும் கண்ணாடியையும் ஆற்றில் எறியாதீர்கள். இறங்குகிறவர் காலைக் கிழிக்கும்.)

அண்ணன் சொன்னது எனக்கு வெகு காலம் கழித்து நினைவுக்கு வந்தது. 2023இல் ரையன் பால்மர், ஃபிராங்க் ஸ்மித் என்ற இரு கணிதவியலாளர்கள் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல் கனமாக இருந்தாலும், அதன் அடிப்பக்கம் போதிய அளவு வளைந்திருந்தால் தத்தும் என்றார்கள். அதுமட்டுமல்ல, கனமான வளைந்த கல் நீரை ஆழமாக அழுத்தி, அதிக நேரம் தொட்டிருந்துவிட்டு, ஒரே ஒரு முறை வெகு உயரமாக எகிறவும் கூடும். மெல்லிய தட்டைக் கல் பல முறை தத்தும். உருளைக்கிழங்கு வடிவக் கல் ஒருமுறை பாயும். இதை அவர்கள் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. விமானம் மேகத்துக்குள் போகும்போது இறக்கைமேல் ஈரம் படர்ந்திருக்கும். பனித்துகள்கள் அந்த ஈரத்தில் பட்டுத் தத்திப் போகுமா, ஒட்டிக்கொள்ளுமா என்று தெரிந்தால்தான் இறக்கையில் பனி சேர்வதைத் தடுக்க முடியும். தவளைக்கல் கணக்கு அங்கே உதவுகிறது.

விண்வெளியிலும் உதவுகிறது. 2022 டிசம்பர் 11 அன்று, நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஓரியன் விண்கலம் நேராகக் கீழே வரவில்லை. மணிக்கு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தின் மேல்பகுதிக்குள் இறங்கி, ஒருமுறை மேலே எழும்பி, மறுபடி இறங்கிப் பசிபிக் கடலில் விழுந்தது. இங்கே நீருக்குப் பதில் காற்று. கலத்தின் சாய்வால் காற்று அதை மேலே தள்ளியது. இப்படி வந்தால் குறித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். உள்ளே ஆட்கள் இருந்தால் அவர்கள் உடம்பில் ஏறும் அழுத்தமும் குறையும்.

எறியப் போகுமுன் ஒரு கண்டிப்பான வார்த்தை. சிகாமட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச்சு — வீட்டுச் சுவரில் நீர் ஏறிய அடையாளத்தை இன்னும் காட்டும் குடும்பங்கள் உண்டு. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மேலே எங்கேயோ பெய்யும் மழை இங்கே ஆற்றை ஒரே இரவில் உயர்த்திவிடும். நீர் செம்மண் நிறமாகச் சுழித்து ஓடினால் கரைக்கே போகாதீர்கள். மற்ற நாளிலும் பெரியவர் துணை இல்லாமல் வேண்டாம். எதிரே ஆளோ படகோ வாத்தோ இருந்தால் எறிய வேண்டாம். கையில் புண் இருந்தால் ஆற்று நீரைத் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் வரலாம்.

எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில், இரண்டு வகைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுத் தட்டைக் கல் ஒன்று, அடி வளைந்த கனத்த கல் ஒன்று. ஒவ்வொரு வகையிலும் பத்து எறி. எத்தனை தத்தல், எந்தத் தத்தலில் கல் உயரமாக எழும்பியது, கடைசி இரண்டு வளையத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று உடனுக்குடன் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கரையில் உட்கார்ந்து, பார்த்ததில் ஒன்றே ஒன்றை மூன்று வரியில் எழுதுங்கள். டுரியான் விழும் பருவமா, மழைக்கு முந்திய புழுக்கமா, அதுவும் வரிக்குள் வந்தால் நல்லது. ஜப்பானியர்களும் மரபான ஹைக்கூவில் பருவத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எழுதும்போது மனத்தில் ஏதாவது கேள்வி முளைத்தால், அதை நான்காவது வரியாகச் சேர்த்துவிடாதீர்கள். பக்கத்தைத் திருப்பி, பின்னால் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை ஆற்றுக்குப் போகும்போது அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.